ஐந்து எண்ணும்வரை

கைராசி என்ற சொல்லைக் கண்டுபிடித்த ஆள் மட்டும் சசிரேகாவிடம் சிக்கியிருந்தால், அன்றைக்கே அவனுக்கு ஊசி போட்டிருப்பாள், அதுவும் மாட்டு ஊசி. வடக்குப்பட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அந்த வார்த்தை அவள் காதில் விழாத நாளே இல்லை. பால் சங்கத்து வாசலில் கேனோடு நிற்கும் பெண்கள் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்துவார்கள். நிறுத்தின பேச்சு என்னவென்று அவளுக்குத் தெரியாதா என்ன!

முப்பத்தொரு மாடுகளுக்குச் சினை ஊசி போட்டிருந்தாள். சினை நின்றது ஏழு. இதே ஊர்களில் இருபது வருடமாக ஊசி போடும் தணிகாசலத்துக்கு இரண்டுக்கு ஒன்று நிற்கும். எவ்வளவு தேர்ந்த கைக்கும் அவ்வளவுதான் நிற்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கு ஒன்று எங்கே, நாலுக்கு ஒன்றுகூடத் தேறாத இவள் கணக்கு எங்கே!

"ஆடி வரைக்கும் பாக்கறோம்மா. அதுக்குள்ள கை தேறலன்னா நைட்ரஜன் கேனை இங்க வெச்சிட்டுப் போய்டு" என்று சங்கத்துச் செயலாளர் மாசியிலேயே சொல்லிவிட்டார். காளை விந்தை உறையவைத்துச் சுமக்கும் அந்தக் கேன் சங்கத்துடையது. பொல்லாத மனிதர் இல்லை. மாட்டுக்காரர்கள் அவர் தலையைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

சசிரேகாவுக்கு முப்பத்துமூன்று வயது. ஒன்பது வருடம் ஒரகடத்தில் கார் சீட்டு செய்யும் தொழிற்சாலையில் லைனில் நின்றவள். ஒரு சீட்டுக்கு நாலு போல்ட், நாற்பத்தைந்து நொடி. போல்ட் முடுக்கும் மிஷினை வை, அழுத்து, டக் என்றதும் இழு, அடுத்தது. கைவேகத்துக்கு இரண்டு முறை மேடையேற்றிக் குக்கர் பரிசு கொடுத்தார்கள். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காண்ட்ராக்ட் முடிந்தது என்று அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டார்கள். குக்கரையாவது திருப்பிக் கேட்காமல் விட்டார்களே, பெரிய மனசு! மூன்று மாதம் பயிற்சி எடுத்து, தேர்வில் தேறி, மாட்டு வேலைக்கு வந்தாள். பிடித்து வந்த வேலை. மாட்டின் வயிற்றுக்குள் கை போனதும் உலகம் அடங்கிவிடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த வேலைதான் இப்போது கையை விட்டுப் போகப் பார்த்தது.

தணிகாசலத்திடம் வாய்விட்டே கேட்டாள். "அண்ணா, நீங்க போடும்போது நான் ஒரு நாள் கூட நின்னு பாக்கட்டுமா?"

"பாக்கறதுக்கு இன்னாம்மா கீது? கை உள்ள கீது, மாடு வெளிய கீது. எத்தப் பாப்ப?" என்று சிரித்தார். "அதெல்லாம் கைராசி. எனக்கு அமைஞ்சுது. உனக்கும் அமையும், அமையாம போனாலும் போவும்."

அவர் ஒளிக்கவில்லை. தன் கை உள்ளே என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியாது. அதுதான் சசிரேகாவுக்கு எரிச்சல். திட்டினாலாவது எதையாவது பிடித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட அவளை அறுத்தது மீனம்மாளின் செவலை. வடக்குப்பட்டில் சிப்காட் வேலியை ஒட்டி வீடு. கணவர் இறந்துவிட்டார், மகன் கோபால் வல்லம் வடகால் பக்கம் கம்பெனியில் ஷிப்ட். மீனம்மாளிடம் இருந்தது இரண்டே மாடு, செவலையும் சுட்டியும். செவலைக்கு மார்கழியில் முதல் ஊசி. சினை நிற்கவில்லை, இருபத்தோராம் நாள் பருவத்துக்கு வந்து மறுபடி கத்தியது. இரண்டாவது ஊசி, மறுபடி கத்தியது.

அப்போது சசிரேகா சொன்ன காரணம் இன்றைக்கும் அவள் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "கேன்டீன் சோறு போடறீங்க பெரிம்மா. புளிச்ச சோத்தத் தின்னா மாடு எப்புடி சினை நிக்கும்?" என்றாள். பயிற்சியில் படித்ததுதான், பொய்யில்லை. கம்பெனி கேன்டீனில் மிஞ்சும் சோற்றை டிரம் டிரம்மாக வாங்கி மாட்டுக்குக் கொட்டுவது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது. மீனம்மாள் அன்றோடு சோற்றை நிறுத்தினாள். தவிடும் புண்ணாக்கும் தாது உப்பும் வாங்கிப் போட்டாள். மூன்றாவது ஊசியும் போட்டாயிற்று. செவலை மூன்றாம் முறையும் கத்தியது.

பால் சங்கத்து வாசலில் அத்தனை பேர் முன்னால் மீனம்மாள் அதைச் சொன்னாள். "கண்ணாலம் ஆயி ஏழு வருஷம் ஆவுது, அவ வயித்துல ஒண்ணு நிக்கல. புள்ள பெறாத கை வெச்சா என் மாட்டு வயித்துல இன்னாத்துக்கு நிக்கும்?"

சசிரேகா ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் கண் எரிந்தது. மலட்டு மாடு என்று தரகர் செவலையை ஓட்டிக்கொண்டு போனதாக இரண்டு வாரம் கழித்துக் கேள்விப்பட்டாள்.

அன்றைக்கு முடிவு செய்தாள். அழுவது அப்புறம். கை உள்ளே என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். உயிருள்ள மாட்டில் பார்க்க முடியாது. பயிற்சியில் இறைச்சிக் கூடத்திலிருந்து கருப்பை வாங்கி வந்து மேஜைமேல் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை இவளே செய்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறைகள் நிறைந்த தெருக்கோடியிலிருந்த மாட்டுக்கறிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் மாசானம், தெற்கத்தி ஆள். வாரம் முழுக்க மெஸ் சாப்பாடு சாப்பிடும் பையன்கள் ஞாயிறு மட்டும் இங்கேதான் வரிசையில் நிற்பார்கள்.

"கருப்பையா?" மாசானம் கத்தியைக் கீழே வைத்தார். "ஈரல் கேப்பாவ, குடல் கேப்பாவ. இத ஒருத்தரும் கேட்டதில்லம்மா. எதுக்கு?"

"படிக்கறதுக்குண்ணே. நான் மாட்டுக்கு ஊசி போடறவ."

"படிக்கதுக்குன்னா சும்மாவே கொண்டு போங்க. இன்னைக்கு வந்தது ஒரே ஒரு பசுமாடுதான். மலடுன்னு தள்ளிவிட்டிருக்காவ. பாக்கதுக்கு நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சு, பாவம்." பேசிக்கொண்டே வாளியில் கைவிட்டு எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்.

கழிவுக் கூடையில் ஒரு காது கிடந்தது. காதில் மஞ்சள் வில்லை. சசிரேகா பார்க்கவே கூடாது என்று நினைத்தாள், பார்த்துவிட்டாள். பன்னிரண்டு எண்களில் கடைசி நாலு அவளுக்கு மனப்பாடம். மூன்று ஊசிக்கும் செல்போனில் செவலையின் அந்த எண்ணைத் தட்டிப் பதிந்தவளே அவள்தானே. பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"இன்னும் கொஞ்சம் ஐஸ் போட்டுக் குடுங்கண்ணே" என்றாள்.

வல்லத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல். அதன்மேல் பழைய சாக்கை விரித்துக் கருப்பையை வைத்தாள். கணவன் கார்முகிலுக்கு அன்று விடுமுறை. அதே சீட்டு லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்று காதலித்துக் கட்டிக்கொண்டவன். இன்னும் அங்கேதான் நிற்கிறான்.

"யோவ் முகிலு, இந்த ரெண்டு நுனியயும் அசையாம புடி."

"ஐயோ சசி, இப்பதான் இட்லி துன்னுட்டு வந்தேன்!"

"வாந்தி வந்தா அந்தப் பக்கம் திரும்பி எடு. கைய மட்டும் விட்றாத."

நைட்ரஜன் வற்றி வீணாய்ப் போன பழைய ஊசிக்குச்சிகள் அவளிடம் நாலைந்து இருந்தன. வைக்கோல் தண்டு போல மெல்லிய குழல், அதில்தான் காளையின் விந்து உறைந்திருக்கும். ஒன்றைத் திறந்து, உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை நிரப்பினாள். குச்சியை நீளமான எஃகுக் குழாயில் பொருத்தினாள். கருப்பைமேல் முகிலின் பழைய லுங்கியைப் போட்டு மூடினாள். மாட்டில் எப்படிப் பார்க்காமல் செய்வாளோ அப்படியே செய்ய வேண்டும்.

லுங்கிக்கு அடியில் இடது கை கருப்பை வாயைத் தேடிப் பிடித்தது. கோழிக் கழுத்துபோலக் கெட்டியாக இருந்தது. வலது கை குழாயை உள்ளே விட்டது. முதல் மடிப்பு, இரண்டாவது, மூன்றாவது. கருப்பை வாயைத் தாண்டி நுனி எட்டிப் பார்த்ததும் இடதுகை ஆள்காட்டி விரலில் பட்டது. சரியான இடம். அழுத்தினாள். முடிந்தது.

பிளேடால் கீறித் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது நீலம் இல்லை. உள்ளே ஒரு சீழ் இல்லை, ஒரு கட்டி இல்லை. சூல்பையில் திராட்சை அளவுக்கு ஒரு முட்டைக் கொப்புளம் முதிர்ந்து நின்றது. இன்னும் இரண்டொரு நாளில் செவலை மறுபடி கத்தியிருப்பாள். மலடாம்! ஏழெட்டுக் கன்று போட வேண்டிய மாடு.

அப்புறம்தான் நீலத்தைப் பார்த்தாள். கருப்பை வாயின் மடிப்புகளில் திட்டுத் திட்டாக அப்பிக் கிடந்தது. வாய்க்கு வெளியேயும் வழிந்திருந்தது. போய்ச் சேர வேண்டிய இடம் கருப்பைக்குள் நுழைந்ததும் உள்ள ஒரு அங்குலம். அங்கே ஒரு கீற்றுகூட இல்லை.

"உள்ள போச்சே" என்றாள். "விரல்ல பட்டுச்சே. சத்தியமா பட்டுச்சுய்யா."

முகில் மூக்கைச் சுளித்தபடி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "உள்ள போச்சு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீ அழுத்தும்போது கை பின்னால வந்துச்சு."

"வரல."

"வந்துச்சுடி. நாம லைன்ல பண்றதுதான். அழுத்து, டக்குனு வந்ததும் இழு. நான் இன்னிக்கும் அதத்தானே பண்ணிக்கினு கீறேன். என் கை எனக்குத் தெரியாதா?"

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ரப்பர் குழாய் ஒரு துண்டு எடுத்துவந்து, எஃகுக் குழாயை அதில் நுழைத்து, நுழைந்த இடத்தில் நெயில் பாலிஷால் கோடு போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். கண்ணைத் திறந்தால் கோடு இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது. மறுபடி செய்தாள், மறுபடியும் இரண்டு விரற்கடை. இழுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே செய்தாள், அப்போதும் இழுத்தது. ஐந்து முறையும் கை அவளைக் கேட்காமலே பின்வாங்கியது. அழுத்துகிற வேகமோ, ஒரு நொடி. நிதானமாக ஐந்து எண்ணி அழுத்த வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதை எழுதிவைத்திருந்தாள். நோட்டில்தான் இருந்தது, கையில் இல்லை. தேர்விலும் நுனி உள்ளே போகிறதா என்றுதான் பார்த்தார்கள். அழுத்திய பிறகு கை என்ன செய்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒன்பது வருடம் கம்பெனிக்குக் கொடுத்த கையை அவர்கள் திருப்பிக் கொடுக்காமலே அனுப்பியிருக்கிறார்கள்! முகில் பக்கத்தில் வந்து நின்றான். தன் கை முழுக்க ரத்தமும் நீலமுமாக இருந்ததால் அவளைத் தொடத் தயங்கினான். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவள் மனது ஒருவகையில் லேசாகியிருந்தது. ராசி இல்லை, சாபம் இல்லை, வயிற்றில் பிள்ளை நிற்காததும் இல்லை. இரண்டு விரற்கடை, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிந்துவிட்ட தப்பைச் சும்மா விடுவாளா அவள்?

ஆனால் முதலில் செய்ய வேண்டியது வேறு ஒன்று இருந்தது.

"சொல்லாத சசி" என்றான் முகில். "ஊரே அடிக்க வரும். வேலையும் போய்டும்."

"போனா போவட்டும். கேன்டீன் சோறுன்னு அந்தம்மா மேல பழி போட்டவ நான்."

மறுநாள் காலை மீனம்மாள் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் சுட்டி மட்டும் நின்றது. பக்கத்துத் தூணில், ஆணியில், செவலையின் கழுத்துக் கயிறு தொங்கியது. மாட்டை விற்றாலும் கயிறைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவன் புதுக்கயிறு போட்டுத்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

சசிரேகா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கறிக்கடை, மஞ்சள் வில்லை, நீலம், இரண்டு விரற்கடை. எதையும் மென்று முழுங்கவில்லை. "செவலை மலடு இல்ல பெரிம்மா. உங்க சோத்துலயும் குத்தம் இல்ல. நீங்க சொன்ன மாதிரி என் வயித்துலயும் இல்ல. என் கைதான் தப்பு பண்ணிச்சு. மூணு தடவையும்."

மீனம்மாள் சாணிக்கூடையைக் கீழே வைத்தாள்.

"வெட்டிட்டானா?" என்றாள்.

"ம்."

"நான் வளக்கத்தான் வாங்கிக்கினு போறான்னு நெனச்சேன். அப்டித்தான் சொன்னான் பாவி." குரல் உடைந்தது, உடனே சீறியது. "அத்த வெட்டுனப்புறம் வந்து தப்புன்றியே, உனக்கு இன்னா தைரியம்டி! தலச்சன் கன்னுலருந்து நான் வளத்தது. நாலு வருஷம் என் வூட்டு அடுப்பு அது மடியிலதான் எரிஞ்சுது. போ! என் வாசப்படி மிதிக்காத, போ!"

சசிரேகா போனாள். அன்று மாலை பால் ஊற்றும் நேரத்தில் மீனம்மாள் வரிசையில் நின்று ஒன்றுவிடாமல் உரக்கச் சொல்லிவிட்டாள். ராத்திரிக்குள் நாலு ஊருக்கும் தெரிந்துபோயிற்று. செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னாம்மா, உன் தலைல நீயே மண்ணை வாரிப் போட்டுக்குவியா? கொஞ்ச நாள் வாயை மூடிக்கினு இருந்திருந்தா நானே ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். கேனை மட்டும் உடனே கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் போன் அடிப்பதே நின்றுவிட்டது.

நல்லதாயிற்று. அவளுக்கு நேரம் கிடைத்தது. அடுத்தடுத்து மூன்று ஞாயிறு மாசானம் கடைக்குப் போனாள். மற்ற கடைகளிலிருந்தும் சொல்லிவைத்து வாங்கிக் கொடுத்தார் அந்த மனிதர். "நீங்க பாஸ் ஆனா எனக்கு மிட்டாய் குடுக்கணும், பாத்துக்கிடுங்க" என்பார். பதினோரு கருப்பை. வாரநாளில் ரப்பர் குழாய். வலது முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, அழுத்தும்போது கட்டைவிரல் மட்டும் அசையப் பழகினாள். வாய்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலுக்கு வரும்போது தோள் பின்னால் போகத் துடிக்கும். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவாள். ஐந்து முடிந்து, இன்னும் ஒரு மூச்சு விட்ட பிறகுதான் கையை எடுப்பாள். முதல் வாரம் மூன்றில் ஒன்றுதான் சரியாக விழுந்தது. கடைசி ஞாயிறு நாலும் சரியாக விழுந்தன. கீறித் திறந்தபோது அந்த ஒரு அங்குலத்தில் நீலம் குளம் கட்டி நின்றது. முகில் கைதட்டினான். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

வைகாசி நடுவில் ஒரு காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"சுட்டி கத்துது. வா" என்றாள் மீனம்மாள்.

சசிரேகா எழுந்து நின்றாள். "தணிகாசலம் அண்ணனக் கூப்புடலயா பெரிம்மா?"

"கூப்ட்டேன். நிக்குமாடான்னு கேட்டேன், ராசி இருந்தா நிக்கும்ன்றான். நிக்கலன்னா? மாட்டோட ராசின்றான். அவன் பேர்ல எப்பவுமே தப்பு கெடையாதாம்! இன்னா தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம். ராசிய எந்தக் கடையில குடுத்து ரிப்பேர் பண்றது? நீ வரியா, இல்லயா?"

"வரேன். கத்துறத மொதல்ல பாத்தது யாரு?"

"நான்தான். காலைல."

"நல்லா கேட்டுச் சொல்லுங்க. கோபால் செகண்ட் ஷிப்ட்தானே?"

மீனம்மாள் மகனை எழுப்பிக் கேட்டாள். ஷிப்ட் முடிந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்தபோதே மாடு கத்திக்கொண்டிருந்ததாம். தூக்கக் கலக்கத்தில் யாரிடமும் சொல்லாமல் படுத்துவிட்டான். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி போட வேண்டும். ராத்திரியே தொடங்கியிருந்தால் சாயங்காலத்துக்குள் காலம் கடந்துவிடும். இப்படி ஷிப்டுக்காரர்கள் வீட்டில் எத்தனை மாட்டுக்கு நேரம் தவறிப் போட்டோமோ என்று சசிரேகாவுக்குச் சுருக்கென்றது. "பதினோரு மணிக்கு அங்க இருப்பேன்" என்றாள்.

போகும் வழியில் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, இந்த ஒரு மாடு. நின்னுச்சுன்னா இரு. நிக்கலன்னா நான் கேக்காமயே கேனைக் கொண்டாந்து வெச்சிடு."

ஒரே ஒரு மாட்டை வைத்து ஒரு கையை எடைபோடுவது அநியாயம். எந்த மகாராஜன் கையாக இருந்தாலும் இரண்டுக்கு ஒன்று தவறும். அதைச் சொல்லும் நிலையில் அவள் இல்லை. தலையாட்டிவிட்டு வந்தாள்.

கொட்டகை வாசலில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். சுட்டியைக் கட்டி, பின்பக்கம் கழுவித் துடைத்தாள். வழும்பு கண்ணாடிபோலத் தெளிவாக வழிந்தது. பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி வெப்பமானியால் பார்த்து, கேனிலிருந்து குச்சியை எடுத்துப் போட்டாள். கடிகாரத்தில் முப்பது நொடி. துடைத்து, நுனியை வெட்டி, குழாயில் பொருத்தினாள். இடது கை உள்ளே போனது. கருப்பை வாய் பிடிபட்டது. குழாய் ஒவ்வொரு மடிப்பாகத் தாண்டியது. நுனி விரலில் பட்டது.

இங்கேதான். வலது தோள் விறைத்தது. அத்தனை பேர் பார்க்கிறார்கள். கை பழைய கை ஆகிவிடுமோ என்று பயந்தாள்.

"பெரிம்மா, அஞ்சு எண்ணுங்க."

"இன்னா?"

"சத்தமா எண்ணுங்க. நீங்க அஞ்சு சொல்ற வரைக்கும் நான் கைய எடுக்க மாட்டேன்."

மீனம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பால் அளக்கும்போது எண்ணுகிற அதே குரலில், அவசரமே இல்லாமல் தொடங்கினாள். "ஒண்ணு." கட்டைவிரல் மெல்ல நகர்ந்தது. "ரெண்டு." முழங்கை விலாவோடு ஒட்டி நின்றது. "மூணு." வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ சிரித்தார்கள். மீனம்மாள் அவர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு நின்றது. "நாலு." தோள் துடித்தது. சசிரேகா பல்லைக் கடித்தாள். மீனம்மாள் வேண்டுமென்றே இழுத்தாளோ என்னவோ, ஐந்து வர ஒரு யுகம் ஆனது. "அஞ்சு."

ஒரு மூச்சு விட்டுவிட்டு சசிரேகா குழாயை எடுத்தாள். நுனியில் ரத்தம் இல்லை. சட்டை முதுகோடு நனைந்திருந்தது.

இருபத்தோராம் நாள் சுட்டி கத்தவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று நாளும் கத்தவில்லை. சசிரேகா தினம் ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போனாள். "கத்தல, போ!" என்று மீனம்மாள் உள்ளிருந்தே கத்துவாள். இதற்குள் பக்கத்து வீட்டு நாச்சியார் தன் கிடேரிக்கு அவளைக் கூப்பிட்டாள். அதற்கும் மீனம்மாளே போய் நின்று எண்ணினாள்.

எழுபதாம் நாள், ஆடி பாதியில், சினை பார்க்க வந்தாள். செயலாளரும் வந்து நின்றார். சசிரேகா கையுறை போட்டுக்கொண்டு உள்ளே தேடினாள். கருப்பையின் ஒரு பக்கக் கொம்பு மெல்லியதாக இருந்தது. மற்றொரு பக்கத்தில் விரல் பட்டதும் நின்றுவிட்டாள். தண்ணீர் நிரம்பிய பலூன்போல அது தளும்பியது. மெதுவாகப் பிடித்து நழுவவிட்டால் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று விரலிடுக்கில் வழுக்கிப் போனது. சந்தேகமே இல்லை. தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுபோல அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இன்னாடி? வாயத் தொறந்து சொல்லேன்!"

"எண்ணுங்க பெரிம்மா."

"மறுபடியும் அஞ்சா?"

"இல்ல. மாசத்த எண்ணுங்க. மாசி கடைசியில கன்னு."

மீனம்மாள் சுட்டியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேனுக்கு நைட்ரஜன் வியாழக்கிழமை வரும், வந்து நிரப்பிக்கொள் என்றார். நாச்சியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பரவால்லியே, உன் கைக்கும் ராசி வந்திடுச்சே" என்றாள்.

"ராசியாவது மண்ணாவது!" மீனம்மாள் திரும்பினாள். "பதினோரு மாட்டு வயித்தக் கீறிப் பாத்துக் கத்துக்கினு வந்துகீறா. அத்தப் போயி ராசின்னுக்கினு!"

சசிரேகா கை கழுவி, குழாயைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மீனம்மாள் கொட்டகைக்குள் போய், ஆணியில் தொங்கிய செவலையின் கயிறைக் கழற்றிக்கொண்டு வந்தாள். நாலாக மடித்து அவள் பைக்குள், கையுறைகளுக்கு மேலே வைத்தாள்.

"இது எதுக்கு பெரிம்மா?"

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. என் செவலை செவலைதான்." கண்ணில் நீர் நின்றது, துடைக்கவில்லை. "என்னிக்காவது இந்தக் கை அவசரப்பட்டுச்சுன்னா இத்த எடுத்துப் பாரு. நான் எல்லா ஊருக்கும் வந்து எண்ணிக்கினு இருக்க முடியுமா?"

சசிரேகா கயிறைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்துப் பட்ட இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. பையை மூடி ஸ்கூட்டரில் மாட்டினாள். வல்லம் வடகாலிலிருந்து போன் வந்தது, ஒரு மாடு காலையிலிருந்து கத்துகிறதாம். "மொதல்ல பாத்தது யாரு? ஷிப்ட் முடிச்சு வந்தவங்களையும் எழுப்பிக் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள்.